பிரேமார் கேதரிங்: ராஜாவை விடுங்கள், காலையிலேயே போய்ச் சேருங்கள்

ஸ்காட்லாந்தில் படிக்கிற நம் ஆட்கள் கோடை முடிகிற சமயத்தில் தவறாமல் கேட்கிற கேள்வி இது: பிரேமார் என்கிற மலை ஊரில் நடக்கிற விளையாட்டு விழாவான பிரேமார் கேதரிங்குக்குப் போகலாமா, டிக்கெட் காசுக்குத் தகுமா? தாராளமாகப் போகலாம். ஆனால் எல்லோரும் போகிற நேரத்தில், எல்லோரும் போகிற காரணத்துக்காகப் போனால் தகாது. கூட்டத்தில் பாதிப்பேர் மன்னர் குடும்பம் வந்து உட்காரும் மதிய நேரத்தைக் கணக்குப் பண்ணித்தான் வருகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த ஒரு மணி நேரம்தான் நாள் முழுவதிலும் பார்ப்பதற்குக் குறைவாக உள்ள நேரம்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். ஹைலேண்ட் கேம்ஸ் (ஹைலேண்ட் என்றால் ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதி) என்று ஸ்காட்லாந்து முழுக்க மே முதல் செப்டம்பர் வரை ஊர் ஊராக நடக்கும். கில்ட் என்கிற கட்டம்போட்ட பாவாடை கட்டிய பயில்வான்கள் மரத்தூண் தூக்கி எறிவது, கல் எறிவது, கயிறு இழுப்பது, ஓட்டப்பந்தயம், பேக்பைப் வாசிப்பு, நடனப் போட்டி எல்லாம் ஒரே மைதானத்தில். அதில் பேர்போனது பிரேமார். செப்டம்பர் முதல் சனிக்கிழமை நடக்கும். இவ்வளவு பேர் வாங்கியதற்குக் காரணம் பக்கத்திலேயே இருக்கிற, அரச குடும்பம் கோடையில் வந்து தங்குகிற பால்மோரல் மாளிகை. விக்டோரியா ராணி 1848இல் இங்கே வந்து பார்த்ததிலிருந்து அரச குடும்பத்துக்கும் இந்த விழாவுக்கும் உறவு விட்டுப்போகவில்லை.

இதை ஆயிரம் வருஷப் பாரம்பரியம் என்று சொல்வார்கள். பதினோராம் நூற்றாண்டில் மால்கம் கேன்மோர் என்கிற அரசன், தனக்கு வேகமான தூதுவன் வேண்டும் என்று ஊருக்குப் பக்கத்திலுள்ள கிரெய்க் கோய்னிக் குன்றில் ஏறி ஓடும் பந்தயம் வைத்தானாம், அதுதான் ஆரம்பமாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது நாம் காசு கொடுத்துப் பார்க்கிற விழாவின் வயது அவ்வளவு இல்லை. 1746இல், ஹைலேண்ட் கிளர்ச்சிக்காரர்கள் அரசுப் படையிடம் தோற்ற கலோடன் போருக்குப் பிறகு வந்த சட்டம் ஹைலேண்ட் ஆண்கள் கில்ட் கட்டுவதையே தடை செய்தது, 1782இல்தான் தடையை எடுத்தார்கள். அதற்குப் பிறகு, 1815இல், பிரேமாரில் தச்சர்கள் சேர்ந்து ஒரு உதவிச் சங்கம் ஆரம்பித்தார்கள், நோய்நொடி என்றால் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிற மாதிரி. அந்தச் சங்கம் 1832இல் போட்டிகளுக்குப் பணப்பரிசு கொடுக்கத் தொடங்கியது, அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய விழா. எனக்கு அரசன் கதையைவிட இந்தத் தச்சர்கள் கதைதான் பிடித்திருக்கிறது, காலையில் மைதானத்தில் போய் நின்றால் ஏன் என்று உங்களுக்கே புரியும்.

போவது எப்படி? பிரேமாருக்கு ரயில் கிடையாது. டீ ஆற்றங்கரையோடு பேலட்டர் வரை ஓடிக்கொண்டிருந்த ரயில் பாதையை 1966இல் மூடிவிட்டார்கள். அபர்டீனிலிருந்து 201ஆம் நம்பர் பஸ், பேங்கரி, அபாய்ன், பேலட்டர் வழியாக இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். உங்களுக்கு 22 வயது ஆகவில்லை, ஸ்காட்லாந்தில்தான் வசிக்கிறீர்கள் என்றால் இலவச பஸ் அட்டைக்கு முன்னாலேயே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள், 2022 ஜனவரியிலிருந்து அந்த வயதுக்காரர்களுக்கு பஸ் இலவசம். மாஸ்டர்ஸ் படிக்க வந்த அண்ணன் அக்காக்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். வழியெல்லாம் பார்க்க அழகாக இருக்கும், ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். ஆனால் ஊருக்குள் போக இருப்பது ஏ93 சாலை ஒன்றுதான். விழா அன்று ஆயிரக்கணக்கான பேர், சில நூறு பேர் வாழ்கிற அந்த ஊருக்குள் ஒரே சாலையில் நுழைவதை யோசித்துப் பாருங்கள். முதல் பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியாக மலையைப் பார்க்கலாம், பத்து மணிக்கு மேல் கிளம்பினால் முன்னால் நிற்கிற காரின் பின்பக்கத்தைப் பார்க்கலாம்.

முந்தின நாளே போய்த் தங்கலாம் என்றால், ஊரில் இளைஞர் விடுதி ஒன்று இருக்கிறது, பழைய வேட்டை மாளிகை அது, ஆனால் விழா வாரத்துக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே இடம் போய்விடும். அறை எடுக்கிற விலையை இங்கே எழுதி உங்கள் மனதைப் புண்படுத்த விரும்பவில்லை. மாணவர்களுக்கு உருப்படியான வழி கூடாரம்தான். 2003ஆம் வருஷத்து நிலச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் பெரும்பாலான திறந்தவெளியில் யாரிடமும் அனுமதி கேட்காமல் கூடாரம் போடலாம். வீடுகளுக்கும் சாலைக்கும் தள்ளி, வேலி போட்ட வயலுக்குள் போகாமல், குப்பை விடாமல் என்கிற ஒழுங்கோடு. ஒன்று மட்டும் எச்சரிக்கை: பிரிட்டனிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை, மைனஸ் 27.2 டிகிரி, பதிவான இடங்களில் இந்த ஊரும் ஒன்று, அதுவும் 1895, 1982 என்று இரண்டு முறை. அது குளிர்காலக் கணக்கு, சரி. ஆனால் செப்டம்பர் ராத்திரியும் சும்மா விடாது. என்னோடு வந்த மதுரைக்காரன், எத்தனை ஸ்வெட்டர் வேண்டும் என்று நான் கேட்டபோது, "டேய், செப்டம்பர்தானே, எதுக்குடா இவ்வளவு பில்டப்பு" என்றான். விடியற்காலையில் துண்டு, நாளைக்குப் போட வைத்திருந்த சட்டை, என்னுடைய மழைக்கோட்டு எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

டிக்கெட்டுக்கு வருவோம். கூரை போட்ட இருக்கை, கூரை இல்லாத இருக்கை, மைதானத்தைச் சுற்றி உட்காரும் இடம், வெறுமனே உள்ளே போய் நிற்பது என்று பல விலை. இருக்கைகள் ஆன்லைனில் சீக்கிரமே தீர்ந்துவிடும். மாணவர் என்றால் மலிவான அனுமதிச் சீட்டே போதும், விலை கூடின இருக்கைக்கு ஆசைப்பட வேண்டாம். ஏனென்றால் கூரைக்கு அடியில் உட்கார்ந்தவர் நாள் முழுக்க ஒரே கோணத்தில்தான் பார்க்க முடியும், நடந்து திரிகிறவனுக்குத்தான் இந்த விழாவில் லாபம்.

அது எப்படி என்றால், இங்கே எதுவும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நடப்பதில்லை. பெரிய வட்டமான புல்தரை, 1906இலிருந்து விழா நடக்கிற இடம், சுற்றிலும் பைன் மரமும் மலையும். அதற்குள் ஒரு மூலையில் கல் எறிகிறார்கள், இன்னொரு பக்கம் மேடையில் சின்னப் பெண்கள் ஆடுகிறார்கள், நடுவில் ஓட்டப்பந்தயம், ஓரத்தில் ஒருவர் தனியாக பேக்பைப்பில் நீண்ட பழைய இசை ஒன்றை வாசித்தபடி மெதுவாக நடந்துகொண்டே இருக்கிறார், ஒலிபெருக்கியில் ஒருவர் எல்லாவற்றையும் பற்றி ஒரே மூச்சில் பேசிக்கொண்டிருக்கிறார், அந்த வடகிழக்கு உச்சரிப்பு பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும். முதல் தடவை போகிறவர்கள் எல்லாவற்றையும் பார்க்க நினைத்துத் தலையைத் திருப்பித் திருப்பி எதையுமே பார்க்காமல் வருவார்கள். உள்ளே நுழைந்ததும் ஒரே வேலை செய்யுங்கள்: கேபர் என்கிற, தூக்கி எறிகிற அந்த மரத்தூண்கள் எந்தப் பக்கம் கிடக்கின்றன என்று பார்த்து அங்கே போய் இடம் பிடியுங்கள். பயில்வான்கள் அந்தப் பக்கம்தான் இருப்பார்கள். காலையில் கயிற்றுக்குப் பக்கத்திலேயே நிற்க முடியும், மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கும்.

கேபர் பற்றித்தான் எல்லோரும் தப்பாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள், யார் தூரமாக எறிகிறார் என்பதுதான் போட்டி என்று. தூரம் கணக்கே இல்லை. கிட்டத்தட்ட ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரத்தூண், ஒரு முனை தடிமன், ஒரு முனை மெலிவு, எடை அறுபது கிலோவுக்குக் குறையாது. இரண்டு மூன்று உதவியாளர்கள் அதைச் செங்குத்தாக நிறுத்திக் கொடுப்பார்கள், தடித்த முனை மேலே. போட்டியாளர் குந்தி உட்கார்ந்து தூணைத் தோளில் சாய்த்து, இரண்டு கையையும் கோத்து மெலிந்த முனைக்கு அடியில் நுழைத்து, ஒரே தூக்கில் எழுந்து நிற்க வேண்டும். அந்த இடத்தில்தான் பாதிப்பேர் தோற்றுப்போகிறார்கள். மேலே முனை ஆடும், அது போகிற பக்கம் கால் தானாகப் போகும், பக்கத்தில் நிற்கிற உதவியாளர்கள் சிதறி ஓடுவார்கள். சமாளித்து நின்றவர் முன்னால் ஓடி, சட்டென்று நின்று, தூணை மேலே உந்துவார். தடித்த முனை தரையில் குத்தி, மெலிந்த முனை காற்றில் எழும்பி மறுபக்கம் விழ வேண்டும்.

மதிப்பெண் கடிகாரக் கணக்கு. எறிந்தவர் ஆறு மணியில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள், தூண் புரண்டு நேராகப் பன்னிரண்டு மணியைப் பார்த்து விழுந்தால் அதற்குமேல் எதுவும் இல்லை. பதினொன்று, ஒன்று என்று விலக விலகக் குறையும். நடுவர் எறிபவருக்குப் பின்னாலேயே ஓடுவார், அந்தக் கோணத்திலிருந்துதான் தெரியும் என்பதால். எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நிகழ்ச்சிநிரல் புத்தகத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கடிகாரம் வரைந்து முள் போட்டுக்கொண்டே வந்தார், நடுவர் கையைத் தூக்குவதற்கு முன்னாலேயே அவர் முள் விழுந்துவிடும். ஒரு தடவை மட்டும் நடுவர் வேறு மாதிரி சொன்னார். பெரியவர் என் பக்கம் திரும்பி, "தம்பி, அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டிய வயது வந்துவிட்டது" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொல்லிவிட்டு, தான் வரைந்த முள்ளை மாற்றவே இல்லை.

யாராலும் தூணைப் புரட்ட முடியவில்லை என்றால் முனையில் கொஞ்சம் அறுத்து நீளத்தைக் குறைத்து மறுபடியும் எறிய விடுகிற வழக்கமும் இந்தப் போட்டிகளில் உண்டு. நான் போனபோது ரம்பம் தேவைப்படவில்லை, கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சம்மட்டி எறிதலை விட்டுவிடாதீர்கள். ஒலிம்பிக்கில் பார்க்கிற சங்கிலிக்குண்டு மாதிரி உடம்பைச் சுழற்றுவது கிடையாது. இங்கே இரும்புக் குண்டுக்கு நீளமான விறைப்பான கைப்பிடி, காலை அசைக்காமல் நின்ற இடத்தில் நின்று, தலைக்கு மேலே சுழற்றி முதுகுப் பக்கமாக எறிகிறார்கள். 16 பவுண்டு ஒன்று, 22 பவுண்டு ஒன்று, அதாவது ஏழு கிலோவும் பத்து கிலோவும். இவ்வளவு வேகத்தில் சுழற்றும்போது ஆளையே இழுத்துக்கொண்டு போகாதா என்று பார்த்தால், பூட்ஸின் முனையில் கத்தி மாதிரி இரும்புத் தகடு நீட்டிக்கொண்டிருக்கிறது. எறிவதற்கு முன்னால் காலால் உதைத்து உதைத்து அதை மண்ணுக்குள் இறக்குகிறார்கள். மதியத்துக்குள் அந்தப் புல்தரை உழுத வயலாகிவிடும். இதெல்லாம் தூரத்து இருக்கையிலிருந்து தெரியவே தெரியாது.

பிரேமார் கல் என்று ஒரு போட்டி இருக்கிறது, 28 பவுண்டு, கிட்டத்தட்ட 13 கிலோ. ஓடிவந்து எறியக்கூடாது, நின்றபடியே எறிய வேண்டும், அதனால் முழுக்க உடம்பு பலம்தான். அப்புறம் 56 பவுண்டு எடையை ஒரே கையால், உயரத்தில் குறுக்காக வைத்த கம்பத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தலைக்கு மேலே பின்னால் எறிந்து கம்பத்தைத் தாண்ட வைக்கிற போட்டி. இருபத்தைந்து கிலோ, இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே. எறிந்த உடனே சட்டென்று விலகாவிட்டால் அது திரும்பி எங்கே விழும் என்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கியது. எறிந்தவரோ மேலேகூடப் பார்க்காமல் நிதானமாக நடந்துபோனார்.

நம் ஊரில் இளவட்டக்கல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வட்டாரம் இன்னொரு விதத்திலும் பிடிக்கும். பால்மோரலுக்கும் பிரேமாருக்கும் நடுவில் இன்வர் என்கிற இடத்தில் சுமார் 120 கிலோ எடையுள்ள உருண்டைக் கல் ஒன்று இருக்கிறது, வாலிபர்கள் பலம் காட்டத் தூக்கிப் பார்த்த கல். இன்னும் கீழே, அபாய்னுக்குக் கிழக்கே பொட்டார்க் பாலத்தருகே டின்னி கற்கள், இரும்பு வளையம் பொருத்திய இரண்டு கற்கள், சேர்த்து 332 கிலோவுக்கு மேல். டொனால்ட் டின்னி என்கிற உள்ளூர் பயில்வான் 1860இல் கையில் ஒன்றாக இரண்டையும் தூக்கிப் பாலத்தின் குறுக்கே நடந்தாராம். இன்றைக்கும் உலகத்தில் எங்கெங்கிருந்தோ பலசாலிகள் வந்து அதைத் தரையைவிட்டு எழுப்பிப் பார்க்கிறார்கள். நேரம் இருந்தால் விழாவுக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது முதுகுக்கு நல்லது.

நடனத்துக்கு ஒரு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். நான் பெரிய எதிர்பார்ப்பு இல்லாமல்தான் போய் நின்றேன். இரண்டு வாள்களைக் குறுக்காகத் தரையில் வைத்து, அதன் இடைவெளிகளுக்குள் நுனிக்காலில் ஆடுகிறார்கள். கண் வாளைப் பார்த்தால் முகம் குனிந்துவிடும், பார்க்காவிட்டால் கால் இடித்துவிடும். காலால் இடித்து வாளை நகர்த்திவிட்டால் போட்டி முடிந்தது. பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பெண், கடைசி வேகச் சுற்றில் வாளை லேசாக நகர்த்திவிட்டாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை, முழு ஆட்டத்தையும் ஆடி முடித்துக் குனிந்து வணங்கிவிட்டு இறங்கினாள். மேடைக்குப் பின்னால் அம்மா தண்ணீர் பாட்டிலோடு தயாராக நின்றார், என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஷூவைக் கழற்றி அடுத்த நடனத்துக்கு நாடாவை மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள்.

மலை ஓட்டம் இன்னொன்று. மைதானத்திலிருந்து புறப்பட்டு, ஊருக்கு மேலே நிற்கிற 859 மீட்டர் உயர மோரோன் மலையில் ஏறி இறங்கி மைதானத்துக்கே வந்து சேர வேண்டும். போனபின் அவர்கள் மலையில் புள்ளிகளாகத் தெரிவார்கள், கூட்டம் அவர்களை மறந்துவிடும், பிறகு திடீரென்று முழங்கால்வரை சேறோடு ஒருவர் உள்ளே ஓடிவரும்போதுதான் எல்லோரும் எழுந்து கத்துவார்கள். கயிறு இழுப்பில் ராணுவ அணிகள் வருவதால் அதுவும் சூடு பறக்கும்.

சரி, மன்னர் வருகை. மூன்று மணி வாக்கில் கார்கள் வரும், பேக்பைப் குழுக்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து அணிவகுக்கும். நூற்றுக்கணக்கான பேக்பைப்பும் முரசும் ஒரே நேரத்தில் முழங்கும்போது நெஞ்சுக்கூடு அதிர்வது உண்மைதான், அதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு எல்லாத் தலைகளும் எல்லா போன்களும் ஒரே திசையில் திரும்பிவிடும். அந்தப் பக்கம் ஹெதர் என்கிற மலைப்பூவால் அலங்கரித்த மண்டபத்தில் கில்ட் கட்டிய ஒருவர் உட்கார்ந்து, நாம் காலையிலிருந்து பார்த்த அதே போட்டியை நம்மைவிடத் தூரத்திலிருந்து பார்ப்பார். முன்னால் நின்ற ஆறடி ஆட்களின் தோள் வழியாக நான் கண்டது ஒரு கையசைப்பு. அந்த நேரத்தில் பயில்வான்கள் பக்கம் கூட்டம் குறையும், புத்திசாலிகள் அங்கே நகர்ந்துகொள்ளலாம்.

சாப்பாடு சுமார். ஒரு வண்டியில் சைவ பர்கர் என்று வாங்கினேன், பெரிய வரிசை, உள்ளே பாதி ஜில்லென்று இருந்தது, கேட்டதற்குச் சாஸ் பாட்டிலை இந்தப் பக்கம் தள்ளினார்கள். அதற்குப் பதிலாக மக்ரோனி பை எங்காவது விற்றால் வாங்குங்கள், பை ஓட்டுக்குள் சீஸ் மக்ரோனி, எழுதிப் பார்த்தால் அபத்தம், அந்தக் குளிரில் சாப்பிட்டால் அமிர்தம். அசைவம் என்றால் ஆட்டிறைச்சி வைத்த ஸ்காட்ச் பை இருக்கிறது, மிளகு காரமாக நம் நாக்குக்கு ஒத்துவரும். டேப்லட் என்கிற சர்க்கரைக் கட்டியை வீட்டுக்கும் வாங்கலாம், பால்கோவா பிரியர்கள் ஜாக்கிரதை, ஒரு பொட்டலம் பஸ் ஏறுவதற்குள் தீர்ந்துவிடும். கூட்டத்தில் சிக்னல் போய்க் கார்டு இயந்திரம் வேலை செய்யாமல் நிற்கும் நேரம் உண்டு, கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். குடை வேண்டாம், விரித்தால் பின்னால் இருப்பவர் சாபம்தான், மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். மழை வரும், வராமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

திரும்பி வரும்போது கடைசி நிகழ்ச்சி வரை நிற்காமல் கொஞ்சம் முன்னாலேயே பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடுவது நல்லது, ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கிளம்பும்.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலு. அந்த ஒன்று குறைவதற்குக் காரணம் கூட்டமும், மதிய நேரமும். பிரேமாரின் கூட்டமே வேண்டாம் என்கிறவர்களுக்கு அதே ஆற்றங்கரையில் வேறு விழாக்கள் உண்டு: அபாய்ன் ஆகஸ்ட் முதல் சனி, ஊர் நடுவிலுள்ள புல்வெளியில், டின்னி வளர்ந்த மண். பேலட்டர் ஆகஸ்ட் இரண்டாவது வியாழன். காசே கொடுக்க மனமில்லை என்றால் ஃபைஃப் பக்கம் சீரிஸ் கிராமத்தில் ஜூன் கடைசிச் சனிக்கிழமை இலவசமாகவே நடக்கிறது, 1314இல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தை வென்ற பானக்பர்ன் போரிலிருந்து திரும்பிய ஊர்க்காரர்கள் தொடங்கியது என்பார்கள். டான் ஆற்றுப் பக்கத்து லோனக் விழா ஆகஸ்ட் நான்காவது சனிக்கிழமை, கையில் ஈட்டியோடு ஆண்கள் வீடு வீடாக நின்று ஒரு மிடறு விஸ்கி வாங்கிக் குடித்தபடி அணிவகுத்து வருவது அங்கேதான். ஒதுக்குப்புறமான இடம் அது, கார் வைத்திருக்கிற சீனியர் யாராவது தெரிந்தால் இப்போதிலிருந்தே பேச்சுக் கொடுத்து வையுங்கள்.